குரு ஜெயிலுக்குப் போனால் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவாரா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 29 வயது. எம்.டெக். படித்தவன், பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தான். அப்பா இல்லை, மூத்தவள் நான்தான். இரண்டு வருடமாக ஒரு குருஜியின் தியானக் குழுவுக்குப் போய்வந்தவன், இப்போது வேலையை விட்டுவிட்டு அவர்கள் ஆசிரமத்திலேயே தங்கிவிட்டான். ஊர் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறான், அது எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். ஜப்பானில் ரயிலில் விஷவாயு விட்ட அசஹாரா என்ற சாமியாரைப் பற்றி ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவ்வளவு படித்தவர்கள் எப்படி அவர் பின்னால் போனார்கள்? இந்தக் குருஜியும் ஒருநாள் மாட்டுவார், அன்றைக்குத் தம்பி தானாக வந்துவிடுவான், அதுவரை பொறு என்கிறார் என் கணவர். தூக்க மாத்திரை கொடுத்தாவது காரில் ஏற்றி வந்து மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. யார் சொல்வது சரி?

- ஒரு அக்கா, ஈரோடு மாவட்டம்

பதில்:

வணக்கம் அம்மா. இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. முதலில் சித்தப்பாவுக்குச் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். வயது வந்த ஒருவருக்குத் தெரியாமல் மாத்திரை கொடுத்துக் காரில் ஏற்றுவது குற்றம், அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. அப்படியே கொண்டுவந்து சேர்த்தாலும், ‘இவர் ஒரு குருவை நம்புகிறார்’ என்ற காரணத்துக்காக எந்த மனநல மருத்துவரும் அவரை உள்ளே வைக்க முடியாது. ஒருவர் எந்த மதக் குழுவில் இருக்கிறார், சுற்றியிருப்பவர்களின் நம்பிக்கையோடு ஒத்துப்போகிறாரா இல்லையா என்பதை வைத்து மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. ஆட்கொணர்வு மனு போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ‘நான் என் விருப்பத்தோடுதான் இருக்கிறேன்’ என்று உங்கள் தம்பி நீதிபதி முன்னால் சொன்னால் அந்த மனு அநேகமாக அன்றைக்கே முடிந்துவிடும். இதையெல்லாம் விடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட குழுக்களில் ‘உன் குடும்பம்தான் உன் வழியை மறிக்கும்’ என்று முதலிலேயே சொல்லி வைத்திருப்பார்கள். சித்தப்பா காரை எடுத்துக்கொண்டு போனால் அது உண்மைதான் என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டு வருவார், அவ்வளவுதான்.

உங்கள் கணவர் சொல்வதுதான் கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, அதனாலேயே அதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. குரு விழுந்தால் சீடர் எழுந்து வந்துவிடுவார் என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம். நீங்களே அசஹாராவைக் கேட்டிருப்பதால் அவர் கதையை வைத்தே பேசுவோம். வீடியோக்கள் பெரும்பாலும் விஷவாயுவில் ஆரம்பித்துக் கைதில் முடித்துவிடுகின்றன, நமக்கு வேண்டியதோ அதற்கு முன்னும் பின்னும் நடந்தது.

ஷோகோ அசஹாராவின் நிஜப் பெயர் சிசுவோ மட்சுமோட்டோ. 1955-ல் தெற்கு ஜப்பானில் குமமோட்டோ மாகாணத்தில் உள்ள யட்சுஷிரோவில், வீட்டுத் தரைக்கு டட்டாமி பாய் செய்யும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொன்றில் கொஞ்சம் உண்டு. சின்ன வயதிலேயே பார்வையற்றோர் உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். எதுவுமே தெரியாத பிள்ளைகளுக்கு நடுவில் கொஞ்சம் தெரிகிற பிள்ளை அவர், அந்த வசதியை வைத்து மற்றவர்களை ஆட்டிப்படைத்ததாகக் கூடப் படித்தவர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். (குழந்தைப் பருவத்தை வைத்து ஒருவரின் பிற்கால வாழ்க்கையை விளக்குவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அதே பள்ளியில் படித்த எத்தனையோ பேர் யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்ந்திருப்பார்கள்.) டோக்கியோவுக்கு வந்தார், பல்கலைக்கழகக் கனவு பலிக்கவில்லை, அக்குபங்சர் பார்த்தார், மூலிகை மருந்து விற்றார். 1982-ல் அனுமதியில்லாத மருந்து விற்றதற்காகக் கைதாகி அபராதம் கட்டினார். 1984-ல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு சின்ன யோகா வகுப்பு தொடங்கினார்.

அப்புறம் எல்லாம் வேகம்தான். பத்மாசனத்தில் அந்தரத்தில் இருப்பதுபோல ஒரு புகைப்படம் 1985-ல் ஒரு பத்திரிகையில் வந்தது. அடுத்த வருடம் இமயமலையில் ஞானம் பெற்றுவிட்டதாகச் சொன்னார். 1987-ல் இயக்கத்துக்கு ஓம் ஷின்ரிக்யோ என்று பெயர் வைத்தார், அதே வருடம் இந்தியாவுக்கு வந்து தலாய் லாமாவைச் சந்தித்து, அந்தப் படத்தைக் கடைசிவரை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். ஓம், சிவன், குண்டலினி, குரு என்று அங்கே புழங்கிய வார்த்தைகள் பாதிக்கு மேல் நம்மிடமிருந்து போனவை.

இனி உங்கள் முதல் கேள்வி, படித்தவர்கள் எப்படிப் போனார்கள் என்பது. ரயிலில் விஷப் பையைக் குத்திய ஐந்து பேரில் கெனிச்சி ஹிரோசே வசேடா பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் படித்தவர், டோரு டொயோடா டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் மாணவர், இகுவோ ஹயாஷி பல வருடம் அறுவை சிகிச்சை செய்த இதய மருத்துவர். விஷவாயுவைத் தயாரித்த மசாமி ட்சுச்சியா வேதியியல் ஆய்வாளர். உங்கள் தம்பியின் எம்.டெக். அவருக்கு எந்தக் காவலும் தராது என்பதற்கு இந்தப் பட்டியலே போதும். இவர்கள் விஷவாயு தயாரிக்கும் இடம் என்று தெரிந்து உள்ளே போகவில்லை. மூச்சுப் பயிற்சிக்குப் போனார்கள். அந்தப் பயிற்சியில் நிஜமாகவே உடலுக்குள் ஏதோ நடந்தது, அதுதான் முக்கியம். வேகமாக மூச்சை இழுத்துவிட்டு, தூக்கத்தைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, நாள் கணக்கில் உட்கார்ந்தால் யாருக்கும் வெளிச்சம் தெரியும், உடம்பு மிதப்பதுபோல இருக்கும், காரணமில்லாமல் அழுகையோ ஆனந்தமோ வரும். ஹிரோசே அசஹாராவின் புத்தகங்களைப் படித்த கொஞ்ச நாளிலேயே குண்டலினி எழும்பியதை உணர்ந்ததாகச் சொன்னவர். அந்த அனுபவம் பொய்யில்லை. அதைக் கொடுத்தது குருதான் என்ற விளக்கம்தான் பொய். ஆனால் அறிவியல் படித்தவருக்கு அங்கேதான் சிக்கல், ‘நானே சோதித்துப் பார்த்தேன், நடந்தது’ என்று அவர் நினைத்துவிடுகிறார். சந்தேகப்படும் பழக்கமே அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

அதற்குப் பிறகு வருவது சந்நியாசம். ஓம் இயக்கத்தில் முழுநேரச் சீடராக வேண்டுமென்றால் சொத்தையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும், குடும்பத்தோடு தொடர்பை அறுக்க வேண்டும். ஜப்பானில் இயக்கத்தில் சேர்ந்திருந்த சுமார் 10,000 பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஃபூஜி மலை அடிவாரத்துக் கட்டடங்களில் போய்த் தங்கினார்கள். குருவின் ரத்தத்தையும் அவர் குளித்த தண்ணீரையும் பெரும் தொகைக்கு வாங்கிக் குடித்தார்கள். குருவின் மூளை அலையோடு சேர்க்கிறது என்று சொல்லி மின்கம்பிகள் வைத்த தொப்பியை நாள் முழுக்க மாட்டிக்கொண்டார்கள். மஹாபோஷா என்ற பெயரில் இயக்கம் நடத்திய கம்ப்யூட்டர் கடை மலிவு விலையில் பிரமாதமாக ஓடியது. மலிவுக்குக் காரணம், சீடர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள் என்பதுதான். நம் ஊரில் சீட்டுக் கம்பெனி ஓடிப்போகும்போது பார்த்திருப்பீர்களே, அதிகப் பணம் போட்டவர்தான் கடைசிவரை ‘முதலாளி அப்படிப்பட்டவர் இல்லை’ என்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று வாதாடுவார். வேலை, காதல், நண்பர்கள், அப்பா அம்மா என எல்லாவற்றையும் ஒருவரிடம் கொடுத்துவிட்ட பிறகு ‘ஏமாந்துவிட்டேன்’ என்று ஒத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு மிகப் பெரியது. மூளை அந்தச் செலவைத் தவிர்க்க எந்த விளக்கத்தையும் ஏற்றுக்கொள்ளும்.

இப்போது வீழ்ச்சிக்கு வருகிறேன். வீழ்ச்சி என்றதும் போலீஸ், கைவிலங்கு, டி.வி. என்று நினைக்கிறோம். அசஹாரா பல தடவை விழுந்தார், ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்தவர்களின் பிடி இறுகியதே தவிரத் தளரவில்லை. 1988-ல் பயிற்சியின்போது ஒரு சீடர் இறந்துபோனார். மத நிறுவனம் என்ற அரசுப் பதிவுக்கு முயன்றுகொண்டிருந்த நேரம் அது, வெளியே தெரிந்தால் கெட்டுவிடும் என்று உடலை ரகசியமாக எரித்துவிட்டார்கள். அந்த விஷயம் தெரிந்த இன்னொரு சீடர் விலகப் பார்த்தார், 1989 பிப்ரவரியில் அவரைக் கொன்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவு கிடைத்துவிட்டது! கொன்றவர்கள் கூலிப்படையினர் அல்ல, தியானம் செய்ய வந்த பிள்ளைகள். கொல்லப்பட்டவருக்கு இதனால் நல்ல மறுபிறவி கிடைக்கும் என்று குரு விளக்கம் கொடுத்தார், ஏற்றுக்கொண்டார்கள். அதில் பங்கெடுத்தவர்களுக்கு அதன் பிறகு வெளியே போக வழியே இல்லை.

உங்களைப் போன்ற அக்காக்கள், அம்மாக்கள், அப்பாக்கள் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களுக்காக யோகோஹாமாவைச் சேர்ந்த ட்சுட்சுமி சகாமோட்டோ என்ற 33 வயது வழக்கறிஞர் வாதாடினார். அசஹாராவின் ரத்தத்தைக் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சோதித்து அதிசயம் என்று சொல்லிவிட்டார்கள் என இயக்கம் விளம்பரம் செய்தபோது, அப்படி ஒரு சோதனையே நடக்கவில்லை என்று விசாரித்துக் கண்டுபிடித்தவர் அவர். அவர் கொடுத்த ஒரு தொலைக்காட்சிப் பேட்டியை ஒளிபரப்புவதற்கு முன்பே அந்த நிறுவனத்தார் இயக்கத்தினருக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். 1989 நவம்பர் 4 அதிகாலையில் அவரையும், அவர் மனைவியையும், ஒரு வயதுக் குழந்தையையும் வீடு புகுந்து கொன்றார்கள். இயக்கத்தின் பேட்ஜ் ஒன்று வீட்டில் கிடந்தும் போலீஸ் அந்த வழியில் அழுத்திப் போகவில்லை. மூன்று வெவ்வேறு மலைப்பகுதிகளில் புதைக்கப்பட்ட அந்த உடல்கள் 1995 செப்டம்பரில்தான் கிடைத்தன.

1990 பிப்ரவரியில் அசஹாரா, தான் தொடங்கிய ஒரு கட்சியின் சார்பில் தன்னையும் சேர்த்து 25 பேரை நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்தினார். சீடர்கள் அவர் முகமூடியை மாட்டிக்கொண்டும், யானைத்தலைத் தொப்பி போட்டுக்கொண்டும் தெருவில் பாடி ஆடினார்கள். 25 பேரும் தோற்றார்கள், கடவுள் அவதாரத்துக்கே கிடைத்தது 1,783 ஓட்டு. ஊரே சிரித்தது. உங்கள் கணவர் சொல்லும் கணக்குப்படி பார்த்தால் அன்றைக்கே ஆசிரமம் காலியாகியிருக்க வேண்டும். சிலர் போனார்கள், உண்மை. ஆனால் மீதி இருந்தவர்களுக்கு ஓட்டு எண்ணிக்கையில் சதி நடந்துவிட்டது என்று சொல்லப்பட்டது, உலகம் நம்மை அழிக்கப் பார்க்கிறது என்ற பேச்சு அதிகமானது, கிருமி ஆயுதத்துக்கும் ரசாயன ஆயுதத்துக்குமான முயற்சிகள் அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தன. அவமானப்பட்ட தலைவர் ஆபத்தானவர் ஆகிறார்.

1994 ஜூன் 27 அன்று மட்சுமோட்டோ நகரில் சாரின் விஷவாயுவை விட்டார்கள். ஒரு நிலத் தகராறு வழக்கில் தங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிடும் என்று பயந்து நீதிபதிகள் குடியிருப்பைக் குறிவைத்தார்கள். எட்டு பேர் உயிரிழந்தார்கள், எட்டாவது பெண்மணி 14 வருடம் நினைவு திரும்பாமலே கிடந்து 2008-ல் இறந்தவர். போலீஸ் சந்தேகப்பட்டதோ முதலில் போன் செய்து தகவல் சொன்ன அவருடைய கணவரை! 1995 ஜனவரியில், பெற்றோர் சங்கத்தின் தலைவராக இருந்த ஒரு தந்தை மீது வி.எக்ஸ். என்ற நரம்பு விஷத்தைத் தெளித்தார்கள், நல்லவேளை பிழைத்துக்கொண்டார். பிப்ரவரி கடைசியில் டோக்கியோவில் ஒரு பெரியவரைத் தெருவில் வைத்துக் கடத்தினார்கள். சொத்தைக் கொடு என்று நெருக்கியதால் இயக்கத்திலிருந்து தப்பி ஓடிய பெண்ணின் அண்ணன் அவர். தங்கை எங்கே என்று கேட்டு மருந்து செலுத்தியதில் இறந்துபோனார். இந்தக் கடத்தலை வைத்துத்தான் போலீஸ் கடைசியில் சோதனைக்குத் தயாரானது. அதைத் திசைதிருப்பத்தான் மார்ச் 20 காலை, ஐந்து பேர் மூன்று சுரங்க ரயில் பாதைகளில் ஏறி, செய்தித்தாளில் சுற்றிய சாரின் பைகளைக் கூர் தீட்டிய குடை முனையால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். 2020-ல் இறந்த ஒருவரையும் சேர்த்தால் 14 பேர் பலி, ஏறத்தாழ 6,000 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

மே 16 அன்று காமிகுயிஷிகி கிராமத்துக் கட்டடம் ஒன்றில், இரண்டு தளங்களுக்கு நடுவே படுத்தால் மட்டும் கொள்கிற ஒரு ரகசிய இடுக்கில் பணக்கட்டுகளோடு ஒளிந்திருந்த அசஹாராவைப் பிடித்தார்கள். இதைவிட முழுமையான வீழ்ச்சி ஒரு குருவுக்கு இருக்க முடியாது. நீதிமன்றத்தில் அவர் என்ன செய்தார்? சீடர்கள் தாங்களாகச் செய்தார்கள் என்றார். பிறகு புரியாமல் முணுமுணுத்தார், பிறகு தன் வழக்கறிஞர்களிடம்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டார். 2004 பிப்ரவரியில் மரண தண்டனை, 2006-ல் அது உறுதியானது, 2018 ஜூலை 6 அன்று தூக்கு. அன்று அவரோடு ஆறு சீடர்கள், அதே மாதம் 26-ல் இன்னும் ஆறு பேர். ஹிரோசேயும் டொயோடாவும் இரண்டாவது ஆறில் இருந்தார்கள். மருத்துவர் ஹயாஷி மட்டும் முதலிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதால் ஆயுள் தண்டனையோடு தப்பினார்.

சரி, மற்ற சீடர்கள்? பெரும்பாலானவர்கள் விலகினார்கள். ஆனால் இயக்கம் சாகவில்லை. 2000-ல் அலெஃப் என்று பெயரை மாற்றிக்கொண்டது, 2007-ல் அதிலிருந்து ஒரு பிரிவு தனியே போனது, இன்றைக்கும் இந்தக் குழுக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், அரசு அவர்களைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. அசஹாராவின் அஸ்தி யாருக்கு என்பதுகூட நீதிமன்றம் வரை போனது, அதை வைத்து ஒரு புனிதத் தலம் உருவாகிவிடுமோ என்ற பயம் அரசுக்கு. விலகி வந்தவர்கள் பாடும் லேசாக இல்லை. 1995-க்குப் பிந்தைய வருடங்களில் பல ஊர்கள் ஓம் இயக்கத்தினரைக் குடியிருப்பாளராகப் பதிவு செய்யவே மறுத்தன, தெருவில் கூட்டம் கூடி விரட்டினார்கள். வெளியே போக இடமில்லாதவர் எங்கே போவார்? உள்ளேதான் திரும்பிப் போவார். என்னைக் கேட்டால் அந்தக் கதையில் நமக்குப் பயன்படும் இடம் இதுதான், வீடியோக்காரர்கள் இதைக் காட்டுவதே இல்லை.

ஜப்பான் கதை என்று உங்கள் கணவர் ஒதுக்கினால் நம் பக்கத்துக் கதையையும் சொல்லுங்கள். இலங்கை மாத்தளையிலிருந்து வந்து திருச்சிப் பக்கம் பாத்திமா நகரில் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா 1994-ல் கைதானார். ஆசிரமச் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் ஒரு கொலைக்குமாக 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது, 2005-ல் உச்ச நீதிமன்றம் வரை அது நின்றது, 2011-ல் தண்டனைக் கைதியாகவே இறந்தார். இன்றும் அவர் படத்துக்குப் பூப்போடுபவர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் உட்பட.

ஆக, குருஜி மாட்டும் நாளை எதிர்பார்த்து உட்காராதீர்கள். அவர் மாட்டவே மாட்டார் என்றும் இருக்கலாம், குற்றம் எதுவுமே செய்யாதவராகவும் இருக்கலாம். ஆசிரமம் என்றாலே ஓம் ஷின்ரிக்யோ இல்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த வீடியோவைத் தம்பிக்கு அனுப்பிவிடாதீர்கள், ‘என் குருவையும் கொலைகாரனையும் ஒன்றாக வைக்கிறாயா’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது குருவின் தத்துவத்தை அல்ல, தம்பியின் அன்றாடத்தை. போன் அவர் கையில் இருக்கிறதா, பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா? தனியாக நான்கு நாள் ஊருக்கு வந்துபோக முடிகிறதா? எத்தனை மணி நேரம் தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகவிடுகிறார்களா, கர்மா என்று சொல்லிப் படுக்க வைக்கிறார்களா? விலகிப் போனவர்களைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்பேன். ‘அவருக்கு ஒத்துவரவில்லை, போய்விட்டார்’ என்றால் பரவாயில்லை. ‘அவன் துரோகி, அவனுக்கு என்ன நடந்தது தெரியுமா’ என்றால் நீங்கள் கவலைப்படுவது நியாயம். ‘வர வேண்டும் போலிருக்கிறது, விடமாட்டேன் என்கிறார்கள்’ என்று தம்பி வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தாலோ, அடி உதை என்று தெரிந்தாலோ, அங்கே குழந்தைகளுக்கு ஏதாவது நடக்கிறது என்று கேள்விப்பட்டாலோ, அன்றைக்கே போலீஸுக்கும் வக்கீலுக்கும் போங்கள், அதில் பொறுமை வேண்டாம்.

பேசும்போது ‘எப்போது வருகிறாய்’ என்று ஒவ்வொரு தடவையும் கேட்காதீர்கள். பழைய விஷயங்களைப் பேசுங்கள், அவருடைய கல்லூரி நண்பனுக்குக் கல்யாணம் என்றால் சொல்லுங்கள், உங்கள் பிள்ளைகளைப் பேச வையுங்கள், அவர் பிரியப்பட்டுச் சாப்பிடும் பலகாரத்தைக் கூரியரில் அனுப்புங்கள். தியானத்தில் என்ன அனுபவம் கிடைக்கிறது என்று அவர் சொன்னால் கேளுங்கள், கிண்டல் வேண்டாம். இங்கேதான் நிறையக் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. சந்தேகம் என்பது உள்ளே இருப்பவர்களுக்கும் வரும், ஆனால் அது பெரிய விஷயத்தில் வருவதில்லை. குருஜி சொன்ன தேதி பொய்த்துப்போகும், ஒரு சின்னச் சீடரை அவர் கேவலமாகத் திட்டுவார், கணக்கு வழக்கு இடிக்கும். அந்தச் சந்தேகம் வரும் ராத்திரியில் ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று சொல்லாத ஒரு ஆளின் நம்பர் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் சித்தப்பா இல்லை என்பது தெரிகிறது. நீங்களாக இருங்கள்.

நிலம். நான் வக்கீல் இல்லை, அதனால் கட்டாயம் ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள், ஆனால் பொதுவான இரண்டு விஷயம் சொல்கிறேன். பூர்வீகச் சொத்தாக இருந்தாலும், அப்பா சம்பாதித்து உயில் எழுதாமல் போனதாக இருந்தாலும், அதில் அம்மாவுக்கும் உங்களுக்கும் உரிமை உண்டு, தம்பி தன் பங்கை மட்டும்தான் கேட்க முடியும். அதே சமயம் அவர் பங்கு அவருடையது. ‘உனக்கு ஒரு சென்ட் கிடையாது’ என்று சொல்வது சட்டப்படியும் நிற்காது, உறவையும் முறித்துவிடும். ‘பாகப்பிரிவினை முறைப்படி செய்வோம், சர்வே எடுக்க வேண்டும், அம்மாவின் பங்கை முதலில் முடிவு செய்ய வேண்டும்’ என்று சொல்லுங்கள். உண்மையிலேயே அதற்கெல்லாம் காலம் ஆகும், பொய் சொல்ல வேண்டியதே இல்லை. அம்மா எந்த வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது, யாருக்கும் பவர் பத்திரம் கொடுக்கக் கூடாது. வில்லங்கச் சான்று அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு குத்தகைப் பணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் நல்லது. ஒருநாள் திரும்பி வரும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவருக்குத் திரும்புவது அதனாலேயே கஷ்டமாகிவிடுகிறது.

உங்கள் தூக்கத்தைப் பற்றி. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அருகில் உள்ள மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், இலவசம். இந்தப் பிரச்சினை வருடக்கணக்கில் போகலாம், அதற்கு நீங்கள் தெம்பாக இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள், மேலே அதைச் சேர்க்கவில்லை. அதைத் தம்பியிடம் சொல்லுங்கள். ‘வராவிட்டால் நீ பிள்ளையே இல்லை’ என்றெல்லாம் வேண்டாம், தேதியையும் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரையும் சொல்லி, ‘நீ இருந்தால் அம்மாவுக்குத் தெம்பாக இருக்கும்’ என்று மட்டும் சொல்லுங்கள். வந்தால் அவர் காவி கட்டியிருந்தாலும் தாடி வைத்திருந்தாலும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. நிலத்தைப் பற்றியும் குருஜியைப் பற்றியும் அந்த நாட்களில் ஒரு வார்த்தை எடுக்கக் கூடாது என்று சித்தப்பாவிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். முடிந்தால் அந்த வாரம் அவருக்கு வெளியூரில் ஏதாவது வேலை கொடுத்துவிடுங்கள்.